ஐந்திலிருந்து எண்ணுகிறவள்

ஐந்து, ஆறு, ஏழு, எட்டு.
முதல் நான்கும் எங்கே என்று
வந்த புதிதில் கேட்டேன்.
"அது அவர்கள் மூச்சிழுக்க. உனக்குத் தேவையில்லை"
என்றாள் சிக்ரித் ஹால்டார்சன்.
தட்டுக்கழி கிடையாது அவளிடம்.
என் பியானோ மூடியில்
பென்சிலைத் திருப்பிப் பிடித்துத் தட்டுவாள்.
அந்தத் தழும்புகள் இன்னும் இருக்கின்றன,
வினிப்பெக், ஆல்பர்ட் தெரு, மூன்றாம் மாடியில்
சுருதி இறங்கிப்போன பழைய ஹைன்ட்ஸ்மன் ஒன்றில்.

யாழ்ப்பாணத்துக் கான்வென்ட்டில்
லண்டன் சோதனைக்கு வாசித்த விரல்கள் என்னுடையவை.
எண்பத்தாறில் இங்கே வந்து
பகலில் கோழித் தொழிற்சாலை, மாலையில் இவள்.
மணிக்கு ஒன்பது டொலர்.
முகத்தைவிட முதுகைப் பார்த்ததுதான் அதிகம்.
வலது முழங்கால் மடங்காது.
அதை வைத்துக்கொண்டே
எப்படி மடங்கவேண்டும் என்று காட்டுவாள்.

சொந்தக் கதை சொன்னதெல்லாம்
பிள்ளைகள் சப்பாத்து நாடா கட்டும் இடைவெளிகளில்.
கிம்லியில் ஏரி உறைந்ததும் தகப்பன்
பனிக்கட்டியைத் துளைத்து வலை இறக்குவாராம்.
வலை இழுக்கும் கைகளைத்தான் முதலில் பார்த்தாளாம்,
அன்னங்களை அல்ல.
பத்தொன்பதில் பாலே குழுவின் பின்வரிசை.
இருபத்தாறில் முழங்கால்.
பிறகு டிரக்டர் கம்பெனியின் விற்பனையாளர் மாநாடு:
மேடை நடுவே சிவப்பு டிரக்டர், சுற்றிலும் எட்டுப் பெண்கள்.
அதுவும் ஆடவேண்டும் என்று
ஓட்டுநருக்கு எண்ணச் சொல்லிக்கொடுத்தாள்.
"என்னிடம் தாளம் தப்பாதவன் அவன் ஒருவன்தான்."
கோடையில் திறந்தவெளி அரங்கு.
நுளம்பு அடிப்பதையும் ஆட்டத்தில் சேர்த்துவிட்டாள்.

அறுபத்தெட்டு, ரொறன்ரோ.
ரயில்பாதை போட்டவர்களைப் பற்றிய இசைநாடகம்.
இரண்டாம் அங்கத்தில் பதினொரு நிமிட நடனம்,
பாட்டில்லை, பேச்சில்லை.
முன்னோட்டக் காட்சி முடிந்த இரவு
தயாரிப்பாளர் கைக்கடிகாரத்தைக் கழற்றி
மேசைமேல் வைத்தார்.
அவளேதான் வெட்டினாள். ஏழு நிமிடம்.
"அழுதீர்களா?"
"பசித்தது. முட்டையும் ரொட்டியும் சாப்பிட்டேன்."
நாடகம் இரண்டு வருஷம் ஓடியது.
மிஞ்சிய நான்கு நிமிடத்துக்கு விருதும் கிடைத்தது;
குளியலறைக் கதவுக்கு முட்டுக்கொடுத்திருந்தாள் அதை.

தொண்ணூற்றிரண்டு பெப்ரவரி,
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
பன்னிரண்டு பேரை நிறுத்தி
"வெட்டியதை எடுக்கப்போகிறோம்" என்றாள்.
இசைத்தாள் இல்லை. எழுதியவரும் இல்லை.
அவள் உடம்பைப் பார்த்து நான் வாசிக்கவேண்டும்.
இடது தோள் ஏறினால் மேல் ஸ்தாயி,
குதிகால் அழுந்தினால் கீழே.
மூன்று வாரம்
துளைக்குள் கைவிட்டு இழுத்தேன்.
சில நாள் வெறும் வலை.

ஆறு நிமிடமும் இருபது விநாடியும் வந்தது.
மிச்சம் வரவில்லை.
பென்சில் நின்றது.
யோலாந்த் ஒற்றைக் காலில்,
டெனிஸ் எதையோ ஏந்தப்போகிற கைகளோடு,
அடுத்தது என்ன என்று எல்லோரும் அவளையே பார்க்க,
ரேடியேட்டர் மட்டும் தட்டிக்கொண்டிருந்தது.
"அப்படியே" என்றாள். "விளக்கு அணையும்வரை."

முதல் காட்சிக்கு மறுநாள் பத்திரிகையில்
அந்த நாற்பது விநாடி அசையாமைக்கு இரண்டு பத்தி.
துணிச்சலாம். முதிர்ச்சியாம்.
சத்தமாக வாசித்துக் காட்டினேன்.
தேத்தண்ணி புரையேறச் சிரித்தாள்:
"மறதிக்கு இவ்வளவு பெரிய பெயர்களா!"

ஏப்ரலில், போர்ட்டேஜ் அவென்யூ பஸ் தரிப்பில்,
கையில் வெங்காயப் பையோடு நிற்கையில்
அது வந்துவிட்டது அவளுக்கு.
பையை என்னிடம் தந்தாள்.
உருகும் பனிச்சேற்றில், தடித்த கோட்டுக்குள்,
மடங்காத காலோடு
நாற்பது விநாடியையும் ஆடினாள்.
ஒரு கிழவர் பத்திரிகையைத் தாழ்த்தினார், மீண்டும் உயர்த்தினார்.

"சேர்த்துவிடலாமா?"
"வேண்டாம். பிள்ளைகள் நிற்பது நன்றாயிருக்கிறது."

பஸ் வந்தது.
சில்லறையை உள்ளங்கையில் கொட்டி
ஒன்றிலிருந்து எண்ணினாள்.